வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று

17.10.1985, வியாழன்

சம்பலுக்கென்று எடுத்து வைத்த பழப்புளி உருண்டையைக் காணவில்லை. குசினி முழுக்கத் தேடிவிட்டுப் பின்பக்கம் போனால், கிணற்றடியில் குந்தியிருந்து இவர் பதக்கம் மினுக்கிக்கொண்டிருக்கிறார்.

"நவம்பர் பதினொண்டுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அதுக்குள்ளை என்ன அவசரம்?" என்றேன்.

"கறுத்துப் போச்சு, பத்மா."

"உங்களுக்குப் பதக்கம் கறுத்துப் போச்சு, எனக்குச் சம்பல் வெளுத்துப் போச்சு."

சிரித்தார். கோபப்படத் தெரியாத மனிதரோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சல்.

இந்தக் கொப்பியில் எழுதத் தொடங்கி ஒரு மாதம்தான். பென்சன் எடுத்த பிறகும் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. எழுதுவதை ஒழுங்காகவே எழுதுவோம். கதிரவேலு, வயது அறுபத்து நாலு. நாற்பத்திரண்டாம் ஆண்டு வெள்ளைக்காரனின் ஆமியில் எகிப்து, லிபியா என்று போய்த் தண்ணீர் லொறி ஓட்டியவர். திரும்பி வந்து பென்சன் வரும்வரை பஸ் ஓட்டினார். வருடத்தில் ஒரேயொரு நாள், செத்த படையாட்களை நினைக்கிற அந்த நவம்பர் பதினொன்றில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், கரை போட்ட சால்வை என்று உடுத்துப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வெளிக்கிடுவார். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று. இடத்தோளில் சால்வை கிடப்பதால் அந்தப் பக்கத்து மூன்றும் வெளியே தெரியாது. அதனால்தானோ என்னவோ அவற்றை மினுக்கவும் மாட்டார். கேட்டால், "ஆர் பாக்கிறது?" என்பார்.

ஆறு பதக்கம்! கோப்பாயில் வேறு யாரிடம் இருக்கிறது? முப்பது வருடமாக ஆசிரியர் அறையில் இதைச் சொல்லாத தவணை இல்லை. வடிவாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான், இரண்டு நட்சத்திரமும் ஒரு வட்டமும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இரண்டு தரம் பரிசு கொடுப்பதில்லையா, அப்படித்தான்.


25.10.1985, வெள்ளி

பக்கத்து வீட்டு நல்லம்மா யாருக்கோ வேலிப் படலையில் நின்று வழி சொன்னாள். "றைவர் அண்ணை வீட்டுக்கு அடுத்த வீடு." நாற்பது வருடமாக இது "ஆமிக்காரர் வீடு". நான்கூட "ஆமி ரீச்சர்". பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமை. எண்பத்து மூன்றோடு அந்தச் சொல் நின்றுபோயிற்று. யாரும் கூடிப் பேசி நிறுத்தவில்லை. ஆமி என்றால் இப்போது வேறு ஆமி.

"இந்த முறையெண்டாலும் பதக்கத்தை விட்டிட்டுப் போங்கோவன்" என்றேன். பயம்தான், வேறென்ன.

"ஆரும் கேட்டால் உள்ளதைச் சொல்லுவன். பொய் சொல்லுறவனெல்லோ பயப்பிட வேணும்."

அந்த ஒரு குணத்துக்காகவே இந்த மனிதரை எத்தனை தரமும் கட்டலாம். இதை அவரிடம் சொல்லமாட்டேன்.


2.11.1985

மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.


11.11.1985, திங்கள்

காலை ஏழரைக்கு வெளிக்கிட்டார். வேட்டி மடிப்புக் கலையாமல் சைக்கிள் ஏறுவதற்கு இவரிடம் ஒரு வித்தை இருக்கிறது. படலை வரைக்கும் போய் நின்று பார்த்தேன். வலது நெஞ்சில் மூன்றும் வெயிலில் பளிச்சென்று மின்னின. வயது போகப் போக வடிவு கூடுகிற ஆம்பிளைகள் சிலபேர் உண்டு. எனக்கு வாய்த்தது.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. வலப்பக்கத்து மூன்றும் நெஞ்சில் இல்லை, கையில், கைலேஞ்சிக்குள்.

கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. பழைய படையாட்களின் கூட்டம் ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்தில் சார்ஜன் சிவசுப்பிரமணியம் வீட்டில்தான். முந்தி இருபது பேர், இப்போது ஐந்து. கெய்ரோவில் ஸ்ரோர் பொறுப்பாக இருந்த மனிசன் அவர். இன்றைக்கும் கோட், ரை, சப்பாத்து. ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசித்தாராம். பதக்கத்தைக் கோட்டில்தான் குத்த வேண்டுமாம். வேட்டி வீட்டு உடுப்பாம், அதோடு குத்துவது பதக்கத்துக்கு அவமரியாதையாம். கோட் இல்லாதவர்கள் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிற்கட்டுமாம்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கழட்டி மேசையிலை வைச்சன்."

"வைச்சிட்டு?"

"நிண்டனான். ரண்டு நிமிச மௌனந்தானே."

கோதாரி விழுந்த கோட்! ஐந்து கிழவர்களில் ஒருவரைப் பிடித்து மேசையில் கழட்டி வை என்று சொல்ல அந்த மனிசனுக்கு எப்பிடி வாய் வந்தது? இவரும் பேசாமல் கழட்டிக் குடுத்திட்டு வந்திருக்கிறாரே! நான் நிண்டிருந்தால் அந்தப் புத்தகத்தைப் பறிச்சு அடுப்பிலை போட்டிருப்பன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. அவர் வழமைபோல இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.


12.11.1985, செவ்வாய்

நியாயமாக யோசித்துப் பார்க்கிறேன். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நான் வீட்டுச் சேலையோடு பள்ளிக்கூடம் போனேனா? இல்லை. உடுப்புக்கு ஒரு மரியாதை உண்டு. சார்ஜன் சொல்வதில் அந்தளவுக்கு ஒரு நியாயம் இருக்கட்டும்.

ஆனால் வேட்டியும் சால்வையும் வீட்டு உடுப்பா? கோயிலுக்கு அதுதான், கலியாணத்துக்கு அதுதான், சபையில் எழுந்து நின்று பேசுவதற்கும் அதுதான். எங்களுடைய ஆட்களுக்கு அதைவிடப் பெரிய உடுப்பு எது? இந்த மனிதரின் அலுமாரியில் உள்ளதில் ஆக நல்லதை எடுத்து உடுத்துக்கொண்டு போய்த்தானே நின்றார். அவரிடம் உள்ள ஆகப் பெரிய மரியாதை அது.


20.11.1985, புதன்

யாழ்ப்பாணத்தில் வேலை இருந்தது. இருந்ததோ, உண்டாக்கிக்கொண்டேனோ. சார்ஜன் வீட்டுக்குப் போனேன்.

கெட்ட மனிசன் இல்லை. கதிரை இழுத்துப் போட்டு, தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மனைவி இறந்து ஆறு வருடம், வீடு பளிச்சென்று இருக்கிறது. கோட் யன்னலோரம் கொழுவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் விருப்பத்தோடை சொன்னதில்லை, ரீச்சர். ஒழுங்கெண்டால் ஒழுங்குதான்."

"ஐயா, உந்தப் பதக்கத்துக்கு உழைச்ச நேரம் இவர் அரைக் காற்சட்டையோடை மணலுக்குள்ளை நிண்டவர். அண்டைக்கு ஆர் கோட் கேட்டது?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார், "உடுப்பை விடுங்கோ. பக்கமும் பிழை. பதக்கம் இடப்பக்கந்தான் குத்திறது. முப்பது வருசமாய்ச் சொல்லுறன், கதிரவேலு சிரிச்சுப்போட்டு விடும்."

"இடப்பக்கமும் மூண்டு கிடக்கு, ஐயா. சால்வை மறைச்சுக் கிடக்கு. எல்லாமாய் ஆறு."

தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தார். "ஆறோ? எனக்கும் மூண்டுதான். அந்த ஆபிரிக்காப் பக்கம் நிண்ட ஆருக்கும் மூண்டுக்கு மேலை வரேல்லை. கதிரவேலுவுக்கு எப்பிடி ஆறு?"

பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் இருந்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆறு. ஆறு. ஆறு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!


21.11.1985

கேட்கவில்லை. பொய் சொல்லாத மனிதர். கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் பயம். சார்ஜனுக்கு மறதியாக இருக்கும். ஸ்ரோரில் இருந்தவருக்கும் முன்னுக்கு லொறி ஓட்டியவருக்கும் ஒரே கணக்கா கொடுப்பார்கள்? ஜேர்மனியில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதினேன். "அப்பாவுக்கு ஒரு கோட் தேவை. வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. அளவு இத்துடன்." கோட் போட்டால் சால்வை இல்லை. சால்வை இல்லையென்றால் ஆறும் தெரியும். சார்ஜன் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிப் பார்க்கட்டும்.


26.1.1986, ஞாயிறு

மகனிடமிருந்து பதில். கோட் பார்த்து வைத்திருக்கிறானாம். "அப்பாவுக்கு என்ன, மாப்பிள்ளைக் கோலமோ?" என்று கேட்டிருக்கிறான். குரங்கு.


24.4.1986

யாழ்ப்பாணத்துப் பக்கம் பின்னேரம் முழுக்கச் சத்தம். கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடிக்கிறதாம். இவர் கத்தரிக்குத் தண்ணி மாறிக்கொண்டே இருந்தார். வாய்க்கால் உடைந்தால் பயிர் போய்விடும் என்றார். அந்தச் சத்தத்துக்குள் வாய்க்கால்! நான் உள்ளே இருந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.


9.6.1986, திங்கள்

கோட் வந்துவிட்டது. உரும்பிராய்ப் பிள்ளை ஒன்று கொழும்பு வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஆள் மாறி ஆள் மாறி வந்தது. கறுப்பு, உள்ளே பட்டுப் போல் வழுவழுப்பு. கனம் என்றால் ஒரு சாக்கு நெல். பனி நாட்டுக்குத் தைத்தது.

போடச் சொன்னேன். போட்டார். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். பதக்கம் வைக்கிற பிஸ்கற் ரின்னைத் திறந்து ஆறையும் கட்டிலில் பரப்பினேன். ஒன்றை எடுத்து இடது நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இதுக்கு மேலை சால்வை போடேலாதே?"

"கோட்டுக்கு மேலை ஆர் சால்வை போடுறது? சும்மா நில்லுங்கோ."

"அப்ப எனக்கு வேண்டாம்."

கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழு மாதம்! ஒரு கோட்டுக்காகப் பிள்ளைக்கு எழுதி, தெரியாத ஆக்களின்ரை படலையெல்லாம் ஏறி இறங்கினன். வேண்டாமாம்! பின்னாலேயே போய் கிணற்றடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் வந்தது. கடைசியில் அதுவும் வந்தது.

"எனக்கு ஒண்டுக்கு மறுமொழி சொல்லுங்கோ. மூண்டோ, ஆறோ? சார்ஜன் மூண்டெண்டுறார். நான் ஊரெல்லாம் ஆறெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஆரின்ரை பதக்கத்தைக் குத்திக்கொண்டு திரியிறியள்?"

துலாக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.


10.6.1986, செவ்வாய்

கதைக்கவில்லை. இருவரும்.


11.6.1986, புதன்

காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து, பலகையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இவர் குசினிக்குள் உட்கார்ந்தது நான் பிள்ளை பெற்றிருந்த நாளில் மட்டும்தான்.

"மூண்டுதான், பத்மா" என்றார். "மற்றது நீக்கிலான்ரை."

நீக்கிலாப்பிள்ளை. அரியாலைக் கடற்கரையைச் சேர்ந்தவர், வேதக்காரர். ஒரு தண்ணீர் லொறிக்கு இரண்டு றைவர்மாராம், ஒரு நாள் இவருடைய முறை, மறுநாள் அவருடைய முறை. நாற்பத்து மூன்று பெப்ரவரியில் ஒரு நாள், இவருடைய முறை, இவருக்கு வயிற்றோட்டம். எழும்பி நிற்கவே முடியவில்லை. "நீ படு, நான் ஒருக்காப் போட்டு வாறன்" என்று நீக்கிலாப்பிள்ளை ஏறிப் போனாராம். நாலாவது மைலில் கண்ணிவெடி.

"தண்ணி முழுக்க மணலுக்குள்ளை போச்சு" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். "முன்னுக்கு ஐந்நூறு பேர் காலமை துவக்கம் தண்ணியில்லாமல் நிண்டவங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன. வேறை லொறி குடுத்தாங்கள். நான் கொண்டுபோனன்."

அதே நாள். அதே தெரு. நிற்க முடியாத வயிற்றோடு, கூட்டாளியின் லொறி கிடந்த இடத்தைத் தாண்டி. இதை "பிறகென்ன" என்று சொல்கிற மனிதரை நான் என்ன செய்வது? துருவலை அப்படியே வைத்துவிட்டு இருந்தேன்.

சண்டை முடிந்து வருடங்கள் கழித்து நீக்கிலாப்பிள்ளையின் தாய்க்குப் பதக்கங்கள் தபாலில் வந்தன. இவர் பார்க்கப் போன நாள் அந்தத் தாய் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டாளாம். "மகனைத் தாங்கோ எண்டன், தகரத்தை அனுப்பியிருக்கிறாங்கள். எனக்கு உதைப் பாக்கேலாது. நீ கொண்டுபோ, தம்பி."

"செத்த ஆளின்ரை எண்டால் வலப்பக்கம் குத்திறது. எங்கடை ஒவ்விசர் ஒருக்காச் சொன்னவர். அதிலை பேர் ஒண்டும் வெட்டேல்லைத்தானே, பத்மா. பக்கந்தான் பேர்."

"அப்ப உங்கடையை ஏன் மூடி வைச்சனீங்கள்?"

அடுப்புக்குள் கிடந்த கொள்ளியைத் தள்ளிவிட்டார். "அவன் நிக்கேக்கை நானும் பக்கத்திலை ஒழுங்காய் நிக்க வேணுமெல்லே, அதுக்குக் குத்திறன். ஆனால் காட்டேலாது. என்ரை முறையிலை போனவன் அவன்."

ஆக, முப்பது வருடமாக ஊர் பார்த்தது நீக்கிலாப்பிள்ளையை. இந்த மனிதர் தன்னைச் சால்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு அவரைத்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். சார்ஜன் மேசையில் கழற்றி வைக்கச் சொன்னதும் அவரைத்தான். அதனால்தான் அன்றைக்கு அந்த முகம். நான் கோட்டுக்குக் கோபப்பட்டேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ ஆறெண்டு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாய். அதை எப்பிடிக் கெடுக்கிறது?"

பெருமையாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் அழுகைதான். தேங்காய்ப்பூவுக்கு உப்புப் போடத் தேவையில்லாமல் போயிற்று.


14.8.1986, வியாழன்

இவருக்குச் சொல்லாமல் அரியாலைக்குப் போனேன். நீக்கிலாப்பிள்ளையின் தங்கை யோசப்பின் அங்கேதான் இருக்கிறா என்று இவரிடமிருந்தே கதையோடு கதையாக வாங்கி வைத்திருந்தேன். அறுபது வயதிருக்கும், என்னைவிடத் திடகாத்திரம். வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தா. நேவியால் கடலுக்குப் போகப் பயம், போனாலும் கொஞ்சத் தூரம்தான், ஆனால் வலை பொத்துவதை நிறுத்தவில்லை என்றா.

"கதிரவேலு அண்ணையின்ரை மனிசியோ! இருங்கோ, ரீச்சர். நத்தாருக்கு நத்தார், பாலன் பிறந்த நாளிலை, வருவார், அண்ணை. வந்தால் அம்மாவின்ரை படத்தைப் பாத்துக்கொண்டு நிப்பார், ஒண்டும் கதைக்க மாட்டார்."

அதுவும் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அலுவல் என்றுதான் போவார். பொய் சொல்லாத மனிதர். அரியாலை யாழ்ப்பாணம்தானே!

முறை மாறிப் போன கதையைச் சொன்னேன். அதற்காக இத்தனை வருடமும் தன் பதக்கத்தை மூடி வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன். யோசப்பின் வலையூசியைக் கீழே போட்டுவிட்டா.

"ஐயோ, ஆண்டவரே! உதுக்கோ? ரீச்சர், எங்கடை அண்ணன் ஆரின்ரை முறைக்கும் தான் ஓடுற ஆள். இஞ்சை கடலுக்கும் அப்பிடித்தான். ஆருக்கும் தலையிடி எண்டால் போதும், 'நீ படு, நான் போட்டு வாறன்'. அம்மா பேசிப் பேசிக் களைச்சவ. கதிரவேலு அண்ணைக்கு வயித்தோட்டம் வராட்டில் வேறை ஆருக்கும் வந்திருக்கும்."

அதே சொல். நீ படு, நான் போட்டு வாறன்.

பதக்கங்களை அவ ஒருநாளும் பார்த்ததில்லை. தாய் பெட்டியைத் திறக்க விடவில்லையாம். "அண்ணன்ரை படம் ஒண்டுமில்லை. முகமும் மறந்து போச்சு, ரீச்சர். அதையெண்டாலும் ஒருக்காப் பாக்கலாமோ?"


15.8.1986

போனதைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். யோசப்பின் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரமும் கேட்டார், அந்த "நீ படு" பகுதியை மட்டும்.


14.9.1986, ஞாயிறு

பூசை முடிகிற நேரத்துக்கு அரியாலைக்குப் போய் நீக்கிலாப்பிள்ளையின் மூன்றையும் தங்கையிடம் கொடுத்துவிட்டார். நானும் போனேன். செத்தவருடையதை வலப்பக்கம் குத்துவது உண்மையில் சொந்தக்காரர் மட்டும்தானாம். "நான் இவ்வளவு காலமும் களவாய்த்தான் குத்தினன். இனி உரிமைக்காரி குத்தட்டும்" என்றார்.

"நான் எப்பிடி அண்ணை குத்திறது? சேலையிலையோ? சனம் சிரிக்காதே?"

"சேலைத் தலைப்பு இடப்பக்கம் போகுது. வலப்பக்கம் உனக்கு வெளிதானே, பிள்ளை" என்றார் இவர். எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

வரும் வழியில் வெறும் ரின்னைத் திருப்பிக் கொண்டுவருகிறாரோ என்று பார்த்தேன். இடப்பக்கத்து மூன்றும் அதற்குள் கிடந்து கிலுங்கின.


9.10.1986, வியாழன்

சார்ஜன் வீட்டில் ஷெல் விழுந்துவிட்டது. ஆள் தப்பியது பெரிய காரியம், பின்பக்கம் கிணற்றடியில் நின்றாராம். கூரை அப்படியே முன் அறைக்குள் இறங்கிவிட்டது. கோப்பாயில் மருமகள் வீட்டில் வந்து இருக்கிறார். பின்னேரம் இங்கே வந்தார். வேட்டி, அந்த வீட்டுக்காரருடைய சேட். அவரை வேட்டியோடு பார்த்ததும் எனக்கு யாரென்றே தெரியவில்லை.

"பதக்கம் மேசை லாச்சிக்குள்ளை இருந்து தப்பிட்டுது. கோட் கூரையோடை போச்சு" என்றார். "இந்தமுறை நான் குத்தேலாது, கதிரவேலு. நான் சொன்ன ஒழுங்கு எனக்குந்தான்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக இந்த மனிசனுக்குச் சொல்லவென்று வாய்க்குள் எத்தனை வைத்திருந்தேன்! ஒன்றும் வரவில்லை. தன் ஒழுங்கைத் தனக்கும் வைத்துக்கொண்டு, யாரோவுடைய சேட்டோடு கதிரை நுனியில் இருக்கிறார், பாவம்.

இவர் எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறந்து சாத்தும் சத்தம். ஜேர்மன் கோட்டைக் கொண்டுவந்து சார்ஜனின் மடியில் வைத்தார்.

"எனக்குக் கனம் கூட. நீங்கள் போடுங்கோ, சார்ஜன்."

சார்ஜன் கோட்டைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேசைத் துணியைச் சரி செய்தேன்.

"இந்தமுறை இஞ்சை நிப்பம்" என்றார் இவர். "எங்கடை வீட்டு முற்றம் காணும்தானே."


10.11.1986, திங்கள்

காலையில் அவர் தோட்டத்துக்குப் போன பிறகு ரின்னைத் திறந்தேன். மூன்றும் கறுத்து, இத்தனை வருட அழுக்கு. இரண்டு உருண்டை புளியும் ஒரு பிடி சாம்பலும் போயிற்று. கை எரிகிறது. நாளைக்கும் நாளை மறுநாளும் புளி இல்லாத கறிதான், சாப்பிடட்டும்.

பின்னேரம் இன்னொரு வேலையும் செய்தேன். அது நாளைக்கு.


11.11.1986, செவ்வாய்

விடிய ஐந்து மணிக்கு எழும்பி, அவருடைய சால்வையைச் சவுக்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் போட்டேன். நேற்றுப் பின்னேரமே மற்ற இரண்டு சால்வையையும் நல்லம்மா வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்தாயிற்று.

ஒன்பது மணிக்கு அலுமாரியைக் கிண்டத் தொடங்கினார்.

"பத்மா, சால்வை எங்கை?"

"தோச்சுப் போட்டிருக்கு."

"இண்டைக்கோ தோய்ச்சனீ?"

"இண்டைக்குத்தான்."

வெளியே வந்து கொடியைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றோடு நின்றேன். ஏசட்டும், இன்றைக்கு நான் விடுவதாக இல்லை. ஏசவில்லை. உள்ளே போய் ரின்னைத் திறந்தார். மினுக்கியிருப்பதைக் கண்டிருப்பார்.

சொல்லியனுப்பியபடி பத்தரைக்கு யோசப்பின் வந்தா. அரியாலையிலிருந்து பாதி பஸ், பாதி நடை. நல்ல நாளுக்கு உடுக்கிற சேலை, வலப்பக்கம் மூன்றும் வரிசையாக. பின்னேரம் வரைக்கும் ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டே இருந்தா, விழுந்துவிடுமோ என்ற பயம். பிறகு சார்ஜன். மனிசனுக்கு விரல் நுனி கடந்து தொங்குகிறது கோட்டுக் கை, வேர்வை ஆறாக ஓடுகிறது, ஆனாலும் பொத்தான் ஒன்றும் கழற்றவில்லை. மற்ற மூன்று பேரும் வரவில்லை. ஐந்து போய் இரண்டு.

நான் முற்றத்தில் ஒரு மேசை கொண்டுவந்து வைத்திருந்தேன். தேத்தண்ணிக்குத்தான், சத்தியமாகத் தேத்தண்ணிக்குத்தான்! சார்ஜன் அதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"அந்த மேசையை உள்ளை எடுங்கோ, ரீச்சர். ஒருத்தரும் ஒண்டும் கழட்டத் தேவையில்லை."

அப்போதுதான் இவர் வெளியே வந்தார். வேட்டி, வெள்ளைச் சேட், வெறுந்தோள். வலப்பக்கம் வெறுமை. இடப்பக்கம் மூன்று. படியிறங்கும்போது இடது கை இரண்டு தரம் தோளுக்குப் போயிற்று, இல்லாத சால்வையைச் சரி செய்ய. பிறகு தொங்கவிட்டார்.

சார்ஜன் அவரைப் பார்த்தார். யோசப்பினின் வலப்பக்கத்தைப் பார்த்தார். திரும்ப அவரைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பிழை பிழை என்று சொன்னது எதை என்று அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, கதிரவேலு" என்றார்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார் இவர்.

பதினொரு மணிக்கு நின்றார்கள். நான்தான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று தெரியாது. தூரத்தில் எங்கேயோ ஹெலிகொப்டரின் சத்தம், கொடியில் சால்வை சொட்டுகிற சத்தம். யோசப்பின் வாய்க்குள் செபம் சொன்னா. இவர் நேராக நின்றார். அறுபத்தைந்து வயதில் என்ன நேர்! எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

முடிந்ததும் யோசப்பின் கிட்டப் போய், அவருடைய நெஞ்சில் இருந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தா. பிறகு தன்னுடையதைத் தொட்டா. "ரண்டும் ஒண்டுதான், என்ன அண்ணை?" என்றா.

"ஓம், பிள்ளை. ரண்டும் ஒண்டுதான்."

எல்லோரும் போன பிறகு நல்லம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ரீச்சர், ஆறெண்டெல்லோ சொன்னனீங்கள், மூண்டுதான் கிடந்தது?" என்று கேட்டாள். மூண்டுதான் என்றேன். மூன்றும் அவருடையது என்றேன்.

சால்வை பின்னேரம்தான் காய்ந்தது. மடித்து அலுமாரியில் வைத்தேன். நாளைக்குத் தோட்டத்துக்குத் தலையில் கட்டிக்கொண்டு போகட்டும்.